பால் மௌசர் சரிதம்

தொண்டை நாட்டுத் திருமுல்லைவாயில் எனது ஊர். முன்னாளில் தொண்டைமான் என்னும் மன்னன் குறும்பரை வெல்லக் கருதிப் படையுடன் இவ்வழியே வந்தபொழுது, அவன் ஊர்ந்த யானையின் கால்களை முல்லைக்கொடிகள் பின்னிக்கொண்டன என்றும், அவன் சற்றும் ஆராயாது வாளை உருவி அவற்றை வெட்டினான் என்றும், வெட்டிய இடத்தில் குருதி பெருகக் கண்டு நடுங்கினான் என்றும் மாசிலாமணீசுவரர் கோயிலின் தலபுராணம் கூறும். சிக்கியதை விடுவிக்கப் புகுவோன் அது எங்கே, எதனால் சிக்கியது என்று முதலில் காணல் வேண்டும் என்பது அக்கதையால் விளங்கும் நீதி. எவ்வூரினும் எம்மூர்ச் சிறுவர் இக்கதையை நன்கு அறிவர். ஆயினும் அதன் பொருள் எனக்கு உள்ளபடி விளங்கியது கோயிலில் அன்று. துப்பாக்கிப் பயிற்சித் திடலில்.

சென்ற ஆண்டு தேசிய மாணவர் படையின் பயிற்சியில் யானும் ஒருவனாக இருந்தேன். பெட்டியினின்று அன்றுதான் எடுக்கப்பட்ட புதிய துப்பாக்கி ஒன்று என் கைக்கு வந்தது. ஒருமுறை சுட்டு ஒருமுறை தாழைத் திறந்து மூடும் வகையைச் சேர்ந்தது அது. அத்தாழைப் பயிற்சியாளர் போல்ட்டு என்பர். முதற் குண்டு இலக்கிற் சென்று தைத்தது. ஆனால் போல்ட்டின் கைப்பிடி எளிதில் எழும்பவில்லை. யான் உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். இரண்டாம் அடியில் போல்ட்டு பின்னே வந்தது. வெற்றுத் தோட்டாக்கூடு வரவில்லை. அது குழலின் அடியிலுள்ள அறையிலேயே ஒட்டிக் கிடந்தது. மீண்டும் போல்ட்டை முன்னே தள்ளி மோதலாயினேன். அப்பொழுது ஹவில்தார் ஐயா வந்து என் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

அவர் செய்தவை யாவும் இன்றும் கண்ணெதிரே நிற்கின்றன. முதலில் துப்பாக்கியின் வாய் இலக்கின் பக்கமே நிற்கச் செய்தார்; விசையினின்று என் விரலை விலக்கினார்; உள்ளே இருப்பது சுட்ட கூடே, சுடாத தோட்டா அன்று என்பதைத் தெளிந்துகொண்டார். பின்னர்த் துப்புரவுக் கோலை வாய்ப்பக்கமாக மெல்லச் செலுத்திக் கூட்டைப் பின்புறம் தள்ளி எடுத்தார். எடுத்த கூட்டைத் துப்பாக்கியைப் பார்ப்பதற்கு முன்பே கூர்ந்து நோக்கினார். கூட்டின் விளிம்பு கிழிந்திருந்தால், கொக்கி தன் கடமையைச் செய்தது, கூடு அறையில் இறுகியதே குற்றம் என்று அறியலாம். விளிம்பில் ஒரு தடமும் இல்லையாயின், கொக்கி பற்றாமல் வழுக்கிற்று என்று அறியலாம். கூட்டின் உடலில் நீண்ட கீறல்கள் இருந்தால், அறையின் சுவர் சொரசொரப்பாக உள்ளது என்று அறியலாம். அடியில் ஊசி தைத்த இடம் தட்டையாக நசுங்கியிருந்தால், மருந்தின் அழுத்தம் மிகுதி, மேலும் சுடலாகாது என்று அறியலாம். வைத்தியன் நாடி பார்ப்பதுபோல அவர் அவ்வெற்றுக் கூட்டைப் பார்த்தார். விளிம்பில் தடம் இல்லை. கொக்கியின் கீழே, துருப் பிடியாதிருத்தற்பொருட்டுப் பெட்டியில் இட்டபொழுது பூசிய கொழுப்பு இறுகிக் கிடந்தது. அதனைத் துடைத்து, அறையையும் துடைத்து மீண்டும் சுடச் செய்தார். இம்முறை கூடு வெளியே வந்தது. ஆனால் இறுக்கத்தோடு வந்தது. அதன் உடலில் ஒரே இடத்தில் மெல்லிய கீறல் கண்டார். உடனே அத்துப்பாக்கியைத் தனியே வைத்து, ஆயுதம் பழுது பார்ப்பவரிடம் அனுப்புமாறு குறித்தார். அரத்தை எடுத்துத் தாமே தேய்க்க முற்படவில்லை. அன்று யான் அடைந்த நாணம் சிறிதன்று. தொண்டைமானின் வாள் என் உள்ளங்கையில் இருந்ததை உணர்ந்தேன்.

குண்டு செல்வதையே யாவரும் பார்க்கின்றனர்; கூடு வருவதை எவர் பார்க்கின்றனர்? இவ்வினாவுடன் கல்லூரி நூல்நிலையத்தை அடைந்தபொழுது எனக்குக் கிடைத்தது ஒரு மனிதரின் சரிதம். உலகம் அவர் பெயரை ஓர் ஆயுதத்தின் பெயராகவே அறியும். பீட்டர் பால் மௌசர் என்பது அப்பெயர்.

ஜெர்மனி தேசத்தின் தென்மேற்கில் வுர்ட்டம்பர்க் என்னும் சிற்றரசு அக்காலத்தில் இருந்தது. அங்கே நெக்கர் ஆற்றங்கரையில் ஓபர்ன்டார்ஃப் என்னும் சிற்றூர் உளது. அவ்வூரில் அகஸ்தீனியத் துறவிகள் வாழ்ந்த பழைய மடம் ஒன்று துறவியரை இழந்து நின்றது. 1811-ஆம் ஆண்டில் அந்நாட்டு மன்னர் அம்மடத்தை அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையாக மாற்றினார். செபம் ஒலித்த இடத்திற் சம்மட்டி ஒலிக்கலாயிற்று. அத்தொழிற்சாலையிற் பணிபுரிந்த ஃபிரான்ஸ் ஆண்ட்ரியாஸ் மௌசர் என்பார்க்குப் பிறந்த மக்கள் பதின்மூவர். அவருள் கடைக்குட்டியே பால். 1838-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27-ஆம் நாள் அவர் பிறந்தார். வறுமை மிக்க குடும்பம். நெடுங்காலம் பள்ளியிற் கற்கும் பேறு அவருக்கு இல்லை. தமையன்மார் சென்ற வழியே பாலும் இளமையிலேயே தொழிற்சாலை புகுந்தார். அங்கே அரமும் உளியுமே அவருக்கு ஆசிரியர்.

1859-ஆம் ஆண்டில் அவர் கட்டாயப் படைச்சேவைக்கு அழைக்கப்பட்டு, லுட்விக்ஸ்பர்க் நகரின் ஆயுதசாலையில் பீரங்கிப் படையாளராக இருந்தார். அக்காலத்திற் பிரஷ்யர் கையாண்ட டிரைசே என்பாரின் ஊசித் துப்பாக்கி பெரும் புகழ் பெற்றிருந்தது. கதவின் தாழ்போலத் திருப்பித் திறக்கும் போல்ட்டு அதனில் அமைந்திருந்தது. ஆயின் அதன் தோட்டா காகிதத்தால் ஆயது. சுட்டபின் எரிந்து போவதால் வெளியே எடுக்க வேண்டிய கூடு ஒன்றும் இல்லை. அதற்கு ஈடாக வேறு குறை இருந்தது. மருந்தின் அனல் பின்பக்கமாகக் கசிந்து சுடுவோன் முகத்திற் படும்.

இக்குறையை நீக்கியது பித்தளைக் கூடு. மருந்து வெடிக்கும் கணத்தில் அக்கூடு விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக் கொள்கின்றது. ஆதலின் அனல் பின்னே கசிவதில்லை. அழுத்தம் குறைந்தவுடன் பித்தளை தன் இயல்பால் சிறிது சுருங்குகின்றது. அவ்விரிவு ஒரு கணம். அச்சுருக்கம் ஒரு மயிரிழை. அறையில் அழுக்கோ, துருவோ, மணலோ, சொரசொரப்போ இருந்தால் அம்மயிரிழை போதாது. கூடு இறுகி நிற்கும். கடும் வெயிலிற் கிடந்து சூடேறிய தோட்டாவில் அழுத்தம் மிகுமாதலின், அதுவும் இறுகும். 1885-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சூடான் நாட்டு அபு கிளேயா என்னுமிடத்திற் பிரிட்டிஷார் போரிட்டபொழுது, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த கூடுகள் அவர்தம் மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கிகளில் இறுகிக்கொண்டன. பகைவர் நெருங்கி வரும் வேளையில் கூட்டை நோண்டி எடுக்க முயன்று மாண்டவர் உளர். ஆகவே கூட்டை வெளியே எடுத்தல் என்பது சிறு காரியம் அன்று. உயிர் நிற்றலும் நீங்கலும் அதனைப் பற்றியவை.

பால் மௌசர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை இச்சிறு காரியத்திற்கே செலவிட்டார். அவரினும் நான்காண்டு மூத்தவரான வில்ஹெல்ம் என்னும் தமையனார் அவருக்குத் துணையானார். பால் பட்டறையை விட்டு அகலார்; வில்ஹெல்ம் ஊரூராகச் சென்று அதிகாரிகளைக் காண்பார். இருவரும் செய்த துப்பாக்கியைக் கண்ட சாமுவேல் நாரிஸ் என்னும் அமெரிக்கர், 1867-இல் உடன்படிக்கை செய்து அவர்களைப் பெல்ஜியத்து லியேழ் நகருக்கு வரவழைத்தார். 1868-இல் அமெரிக்காவில் அதற்கு உரிமைப் பத்திரமும் பெறப்பட்டது. ஆயினும் அக்கூட்டு நிலைக்கவில்லை. 1869-இன் இறுதியில் பால் வெறுங்கையராய் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டில் தமையனாரும் திரும்பினார்.

வெறுங்கையராயினும் அவர் மனம் வெறுமையாக இல்லை. பிரஷ்ய அரசாங்கம் அவர்தம் துப்பாக்கியைச் சோதித்துத் திருத்தங்கள் வேண்டிற்று. அத்திருத்தங்களைச் செய்து முடித்தபின், 1871-ஆம் ஆண்டின் பெயரால் அது ஜெர்மன் படையின் துப்பாக்கியாயிற்று. 11 மில்லிமீட்டர்க் குழல். ஒரு முறைக்கு ஒரு தோட்டா. பெரும்புகை எழுப்பும் பழைய மருந்து. அதன் கொக்கி கூட்டை அறையினின்று இழுக்கும்; ஆனால் வெளியே எறியும் உறுப்பு அதனில் இல்லை. இழுக்கப்பட்ட கூடு துப்பாக்கியின் மேலேயே கிடக்கும். படைவீரன் துப்பாக்கியைச் சாய்த்து அதனை உருட்டிவிட வேண்டும். தேசமெல்லாம் ஏற்றுக்கொண்ட பின்னரும், தம் கைப்படைப்பில் இக்குறை உளது என்பதைப் பால் மறந்தாரில்லை. 1884-இல் எட்டுத் தோட்டாக்களைக் குழாயில் அடக்கி அதே துப்பாக்கியைப் புதுக்கியபொழுது, கூட்டை எறியும் உறுப்பையும் சேர்த்தார்.

இதனிடையே 1874-இல் சகோதரர் இருவரும் ஒரு வங்கியின் துணையோடு ஓபர்ன்டார்ஃபின் அரசாங்கத் தொழிற்சாலையையே விலைக்குக் கொண்டனர். தந்தையார் கூலிக்கு உழைத்த மடத்திற்கு மக்கள் உரிமையாளராயினர். ஆனால் அலைச்சலால் உடல் நலிந்த வில்ஹெல்ம் 1882-ஆம் ஆண்டு ஜனவரியிற் காலமானார். தமக்காக வாயிலெல்லாம் ஏறி இறங்கிய அண்ணனை இழந்தபின், பேசப் பழகாத தம்பி தாமே பேச வேண்டியவராயினார்.

துன்பம் தனியே வரவில்லை. 1886-இல் பிரான்ஸ் தேசத்தார் புகையற்ற மருந்தைக் கொண்ட துப்பாக்கியை வெளியிட்டனர். ஒரே நாளில் மௌசரின் கருவி பழையதாயிற்று. ஜெர்மன் அரசாங்கமோ அவரைக் கலவாமலே ஒரு குழுவை அமைத்து, 1888-இல் வேறு துப்பாக்கியைச் செய்துகொண்டது. அத்துப்பாக்கியின் கொக்கி, போல்ட்டு முற்றும் மூடிய பின்னரே தோட்டாவைப் பற்றும். பரபரப்பில் வீரன் முற்றும் மூடாமற் பின்னே இழுத்தால், முதல் தோட்டா அறையிலேயே நிற்க, இரண்டாவது அதன் பின்னே சென்று மோதும். பழியும் ஆபத்தும் இதனால் விளைந்தன. மௌசர் இக்குறையை எடுத்துக்காட்டி வாதாடி நிற்கவில்லை. பட்டறைக்குச் சென்று விடை தேடினார்.

அவ்விடை 1892, 1893-ஆம் ஆண்டுகளில் உருவாயிற்று. ஸ்பெயின் தேசம் 1893-இல் ஏற்ற துப்பாக்கியில் அதனைக் காணலாம். முன்னைய கொக்கிகள் சிறியவை. மௌசர் அமைத்ததோ போல்ட்டின் பக்கத்தே நீண்டு கிடக்கும் ஒரே வில்லெஃகுப் பட்டை. வளையம் ஒன்று அதனைப் போல்ட்டோடு பிணைக்கும். ஆனால் போல்ட்டு திரும்பும்பொழுது அது திரும்பாது. தோட்டா பெட்டியினின்று மேலெழும்பொழுதே அதன் விளிம்பு இக்கொக்கியின் கீழ் வழுக்கிச் சென்று அமர்ந்துவிடும். அதுமுதல் வெளியே எறியப்படும் வரையில் கொக்கி அதனைக் கைவிடுவதில்லை. எனவே போல்ட்டைப் பாதி மூடிப் பின்னிழுப்பினும் தோட்டா உடன் வந்துவிடும். இரண்டு தோட்டாக்கள் மோதுதற்கு இடமில்லை.

1898-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் ஜெர்மன் அரசாங்கம் மீண்டும் மௌசரிடமே வந்தது. அன்று ஏற்கப்பட்ட துப்பாக்கியே அவர் கலையின் முடிவு எனலாம். அதன் கைப்பிடியை மேலே தூக்கும்பொழுது, கைப்பிடியின் அடி ஒரு சரிவின்மேல் ஏறுகின்றது. அச்சரிவு போல்ட்டு முழுவதையும் நூலளவு பின்னே தள்ளுகின்றது. வீரனின் கை மேலே தூக்குகின்றது என்றே தோன்றும். உண்மையிற் கொக்கி அந்நேரத்திற் கூட்டை அறைச் சுவரினின்று மெல்லப் பெயர்க்கின்றது. திருகாணியைத் திருப்புவதுபோலச் சிறு முயற்சியாற் பெரு விசை பிறக்கின்றது. பெயர்ந்த பின்னரே நேரே இழுத்தல். முதலில் நெகிழ்த்துதல், பின்னர் ஈர்த்தல் என்னும் இம்முறையை அறியாமலன்றோ யான் கைப்பிடியை அடித்தேன்! இறுகிய கூட்டை இழுக்கும்பொழுது கொக்கி விளிம்பினின்று நழுவாதவாறு, அதன் நுனியும் போல்ட்டின் தலையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் பள்ளமும் அமைக்கப்பட்டது. கூடு பிளந்து அனல் கசியுமாயின், அது சுடுவோன் கண்ணிற் படாது வேறு வழியே செல்லத் துளைகளும், பின்னே தடுக்கும் தகடும் வைத்தார்.

பிறர் கண்ணைக் காக்க வழி வகுத்த அவர் தம் கண்ணைக் காக்க இயலவில்லை. 1901-இல், தானே தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் புதிய துப்பாக்கியொன்றைச் சோதிக்கும்பொழுது நேர்ந்த விபத்தில் ஒரு கண்ணை இழந்தார். அப்பொழுது அவர் வயது 60-ஐக் கடந்திருந்தது. அதன் பின்னரும் சோதனையை விட்டாரில்லை. 1898 முதல் 1903 வரை ஜெர்மன் பாராளுமன்றத்தில் உறுப்பினராகவும் இருந்தார்.

அவர் புகழ் கடல் கடந்தது. ஸ்பெயினோடு 1898-இற் கியூபாவிற் பொருத அமெரிக்கர், பகைவர் கையிலிருந்த மௌசரின் வலிமையை உணர்ந்து, தாம் 1903-இற் செய்த துப்பாக்கியில் அவர் முறைகளைக் கையாண்டனர். அதற்காக அவர் தொழிற்சாலைக்கு 2 லட்சம் டாலர் செலுத்தினர். குமாவுன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட் ஏந்திய ரிக்பித் துப்பாக்கியும் மௌசர் அமைப்பை உடையதே. நம் நாட்டுக் காவற்படையினர் நெடுங்காலம் தாங்கிய 303 துப்பாக்கி மாத்திரம் ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பார் வழி வந்தது.

ஆயுதம் செய்தவன் புகழைப் பாடுவோன், அது சென்று தைத்த இடத்தையும் பார்த்தல் வேண்டும். 1899-இல் தென்னாப்பிரிக்காவிற் போர் மூண்டபொழுது போயர் கையில் இருந்தவை மௌசர்த் துப்பாக்கிகள். அக்குண்டுகள் பட்டு வீழ்ந்த பிரிட்டிஷ் வீரரைக் கொலென்ஸோவிலும் ஸ்பியன் காப்பிலும் தோளிற் சுமந்தவர், காந்தியடிகள் திரட்டிய ஏறத்தாழ 1,100 இந்தியர். அவருட் பெரும்பாலோர் நேட்டால் நாட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர். தமிழர் பலர் அவருள் இருந்தனர். துப்பாக்கி ஏந்தாத நம்மவர் துப்பாக்கியின் பயனைச் சுமந்தனர்.

1914-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் பால் மௌசர் தம் ஊரிலேயே உயிர் நீத்தார். அவருக்கு வயது 75. சரியாக 30 நாட்கள் சென்றபின் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். அடுத்துப் பரவிய உலகப் போரில் மௌசரின் துப்பாக்கிகள் லட்சக்கணக்கானவர் கைகளில் ஏறின. அவ்வாண்டு நவம்பரிற் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில், பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63-ஆம் காலாட்படையும் வேறு இந்தியப் படைகளும் கரையிறங்கித் தோல்வியுற்றன. அங்கே எதிர்த்து நின்ற ஆப்பிரிக்க வீரருட் பலர் ஏந்தியவை 1871-ஆம் ஆண்டின் பழைய மௌசர்கள். நெக்கர்க் கரையில் ஓர் ஏழைத் தொழிலாளி அரத்தால் தேய்த்த இரும்பு, 43 ஆண்டுகள் கழித்துப் பொருநைக் கரையின் பெயர் சுமந்த படையை எதிர்த்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் கல்கத்தாவில் ராடா கம்பெனிக்கு வந்த சரக்கினின்று 50 மௌசர்க் கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் வங்கப் புரட்சியாளர் கவர்ந்தனர். அவர் பெயர் ஒருபால் நம்மவரை வீழ்த்தவும், ஒருபால் நம்மவர் விடுதலை வேட்கைக்குத் துணையாகவும் நின்றது. இரண்டையும் அவர் அறியார்.

இங்ஙனமாயின் அவரைப் போற்றலாமோ, தூற்றலாமோ என்னும் ஐயம் எழும். எனக்கும் எழுந்தது. துறவியர் மடம் ஆயுதசாலையாக மாறியதை எண்ணுங்கால், வாள் கலப்பையாகும் காலத்தை எதிர்நோக்கும் எந்த உள்ளமும் வருந்தாதிராது. எம்மூர் வழியே ரயிலில் ஆவடி நோக்கிச் செல்லும்பொழுது, கோயிற் கோபுரத்தையும் கடந்து, போர்வண்டிகள் செய்யும் தொழிற்சாலையின் பக்கத்தையும் அடைகின்றோம். இரண்டும் ஒரே வழியில் இருப்பதை நாம் மாற்றவில்லை. மௌசரும் மாற்றவில்லை; தாம் பிறந்த பட்டறையில் தம் கைக்கு வந்த வேலையைக் குறைவறச் செய்தார். செய்த கருவி எங்கே செல்லும் என்று வினவியதாக அவர் சரிதத்தில் யான் கண்டிலேன். அஃது அவர் வாழ்வின் குறை. அவ்வினாவை வினவுதல் பின்வந்த நமக்குக் கடனாக நிற்கின்றது.

ஆயினும் அவரிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. வெற்றியின் முழக்கம் அடங்கிய பின்னர் எஞ்சி நிற்கும் வெற்றுக் கூட்டை, எவரும் பொருட்படுத்தாத அதனை, அவர் 30 ஆண்டுகள் நோக்கினார். தம் குறையைத் தாமே கண்டு திருத்தினார். இறுகியதை அடித்துப் பெயர்க்காமல், நெகிழ்த்தி எடுக்கக் கற்பித்தார். துப்பாக்கிக்கு மட்டும் உரியதன்று இக்கல்வி. நட்பில் இறுக்கம் நேரினும், குடும்பத்திற் பிணக்கு நேரினும், கற்கும் பாடத்திற் பொருள் விளங்காது நிற்பினும், ஓங்கி அடிப்பதே நம் முதற் செயலாக இருக்கின்றது. எங்கே பற்றியது, எதனால் பற்றியது என்று பார்ப்போர் சிலர்.

பழுது பார்க்கப்பட்ட அத்துப்பாக்கி சில வாரங்களுக்குப் பின் திடலுக்கு மீண்டு வந்தது. யான் கைப்பிடியை மெல்லத் தூக்கினேன். கூடு தடையின்றி வெளியே வந்து மணலில் வீழ்ந்தது. அதனைக் கையில் எடுத்தபொழுது இன்னும் சுட்டது. ஹவில்தார் ஐயா ஒன்றும் கூறவில்லை. அடுத்த மாணவரிடம் சென்றார்.